காசிமிரோவும் இனிப்பு பீர் குடித்த வண்டியும்

காசிமிரோ காலிசாயா எனக்கு மருமகன் முறை. அவனுடைய அம்மா எபிஃபானியா என் பெரியப்பா மகள். அவளுக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஆறு. அந்த ஆறில் ஐந்து பேர் வாயைத் திறந்தால் லா பாஸ் சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான்காவதாக வந்த காசிமிரோவுக்கு மட்டும் 'மாட்டேன்' என்கிற ஒரு சொல் வாயில் வராமலே போய்விட்டது. ஊமை இல்லை. நன்றாகப் பேசுவான், பாடுவான், கால்பந்தாட்டத்தில் நடுவரை அவர் பிறப்பிலிருந்து தொடங்கித் திட்டுவான். யாராவது நேருக்கு நேர் ஒன்றைக் கேட்டுவிட்டால்தான் 'சரிங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் வராது.

ஒரு தடவை பல்வலி என்று பல் வைத்தியரிடம் போனான். அவர் குறட்டால் ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு, "இதுதானே?" என்று கேட்டார். அது நல்ல பல். ஆனால் மனிதர் பிடித்துவிட்டாரே, இல்லை என்று சொன்னால் வருத்தப்படுவாரே என்று தலையை ஆட்டினான். அடுத்த வாரம் வலிக்கிற பல்லைப் பிடுங்க இன்னொரு வைத்தியரிடம் போனான்.

இன்னொரு வருஷம் தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் திருவிழாவுக்கு இரண்டு ஆட்டக் குழுக்கள் ஒரே நாளில் கூப்பிட்டன. இரண்டுக்கும் சரிங்க. ஒரு குழுவில் கரடி, இன்னொன்றில் பிசாசு. கரடியாக ஆடி முடித்துவிட்டுப் பின்சந்து வழியாக ஓடிப் பிசாசு வேஷம் மாட்டிக்கொண்டு வருவான். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கிப்போய், கரடி உடம்பும் பிசாசுத் தலையுமாக வந்து நின்றான். அவன் மாமியார் இன்றைக்கும் அந்தப் போட்டோவைத்தான் வருகிறவர்களிடம் காட்டுகிறாள்.

கல்யாணமும் அப்படித்தான். அவன் பெண்டாட்டி பிளாசிதாவே என்னிடம் சொன்னாள்: "நாந்தான் மாமா கேட்டேன். வேற எவளாச்சும் முந்திக் கேட்டிருந்தா அவளுக்கும் சரிங்கன்னுதான் சொல்லிருப்பாரு. அதான் காலைல ஏழு மணிக்கே போய்க் கேட்டுட்டேன்."

பிளாசிதா எங்கள் தெருமுனையில் சர்க்கரைப் பாகு பூசிய நிலக்கடலை விற்கிறவள். செப்புச் சட்டியில் பாகு காய்ச்சிக் கடலையைப் போட்டுப் புரட்டுவாள். அகலமான பெண். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போலத் தலையில் வட்டத் தொப்பி வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பளிப் பாவாடை உடுத்துவாள். மற்றவர்கள் நாலு ஐந்து என்றால் அவள் ஏழு. குளிராம்.

நானும் காசிமிரோவும் ஒரே வரிசை டாக்சிக்காரர்கள். கீழே குழாயடியிலிருந்து மேலே முனாய்பாட்டா மேட்டுக் கோயில் வரைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள். முப்பது வண்டி, முப்பது நம்பர். நம்பர் வைத்திருக்கிறவன் முதலாளி, இல்லாதவன் அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறவன். நான் ஒன்பதாம் நம்பராக இருந்து ஓய்வு வாங்கியவன். காசிமிரோ பதினொரு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டினான். அவனிடம் மட்டும்தான் முதலாளிகள் கார்னிவல் அன்றைக்கும் ஓட்டச் சொல்வார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் பதினாலாம் நம்பர் ருபெர்த்தோவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஏறுகிறவர்களைப் பார்க்காமல் குரலை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க ஆரம்பித்தான். நம்பர் காலியானது. சங்கத் தலைவர் தியோதோசியோ, மரியாதைக்கு எல்லாருக்கும் தொன் தியோதோசியோ, நம்பருக்குக் காத்திருக்கிறவர்கள் பட்டியலைப் பார்த்தார். முதல் பெயர் காசிமிரோ.

"சொந்த வண்டியோட வா. கார்னிவல் முடிஞ்ச ஞாயித்துக்கிழம, காலைல பத்து மணி. ஆறு பேர ஏத்திக்கிட்டுக் குழாயடில இருந்து கோயில் வரைக்கும் எங்கயும் நிக்காம ஏறணும். நின்னா அடுத்த பேருக்குப் போயிடும். அப்புறம் இன்னொரு பதினோரு வருசம் ஆனாலும் என்ன கேக்கக்கூடாது."

"சரிங்க" என்றான் காசிமிரோ. வாழ்நாளில் அவன் மனசாரச் சொன்ன சரிங்க அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பட்டியலில் அடுத்த பெயர் ஃபெர்மின் தார்க்கி. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கி, வலப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தான். ஸ்டியரிங் மட்டும்தான் மாறியது. வேகம் காட்டுகிற முள்ளும் மற்ற மீட்டர்களும் வலப்பக்கமே நின்றுவிட்டன. எவ்வளவு வேகம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சவாரியைத்தான் கேட்பான்.

காசிமிரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் விதவையிடம் எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி ஒன்றை வாங்கினான். ஆறு சிலிண்டர். படகு மாதிரி நீளம். பானெட் சரியாக மூடாது, கம்பி போட்டுக் கட்டினாலும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி இருக்கும். ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின். நான் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான்.

வண்டிக்கு டயர் இல்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கேக் வாங்கித் தர ஒரு ஞானத்தகப்பன், மோதிரத்துக்கு ஒரு ஞானத்தகப்பன், பாண்டு வாத்தியத்துக்கு ஒருவர் என்று பிடிப்போம். காசிமிரோ டயருக்கு ஒரு ஞானத்தகப்பனைப் பிடித்தான். இறைச்சி மொத்த வியாபாரி தொன் நிக்கானோர் உவாராச்சி. நாலும் புது டயர். மனிதருக்குக் கை தாராளம், மனசு மெல்லிசு. என் கொழுந்தியாள் மகள் கல்யாணத்தில் கேக் ஞானத்தகப்பன் அவர்தான். தன்னைக் கேட்காமல் கேக்கை வெட்டிவிட்டார்கள் என்று மீதிக் கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை வாயில் ஒரு துண்டு இருந்தது. அதையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

கார்னிவல் செவ்வாய் அன்று எங்கள் ஊரில் வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் ஊற்றுவோம். பூமித்தாய்க்குத் தாகம் தீரவேண்டும். அவள் குடித்துவிட்டால்தான் வருஷம் முழுக்கக் கையை விடமாட்டாள். சிலர் சாராயம் ஊற்றுவார்கள், சிலர் சாதாரண பீர். தொன் நிக்கானோருக்குத் தனிக் கொள்கை. கறுப்பு பீர்தான். பாலூட்டுகிற தாய்மார்கள் குடிப்பார்களே, அந்த இனிப்பு பீர்.

"பூமித்தாய் பொம்பளை, கொம்பாத்ரே" என்றார் காசிமிரோவிடம். ஞானத்தகப்பனாகிவிட்டால் அப்படித்தான் கூப்பிட வேண்டும், பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. "பொம்பளைக்குக் கசப்பா கொடுப்பாங்க? தொறங்க பானெட்ட."

நாலு டயருக்கும் ஊற்றியாகிவிட்டது. கூரையில் காகிதச் சுருளும் பூவும் போட்டாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"உள்ளயுமா, தொன் நிக்கானோர்?" என்றான் காசிமிரோ.

"உள்ளதான் வண்டியோட நெஞ்சு இருக்கு. ஏன், ஊத்த வேணாமா?"

"சரிங்க."

இரண்டு பாட்டில், நேராக எஞ்சின் தலையில். நுரை பொங்கி எஞ்சினே சிரித்தது போல இருந்தது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

புதன்கிழமை காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்தவன் வண்டியைக் கிளப்பினான். நான் படுக்கையிலிருந்தே கேட்டேன். தடதடதட, தொக். தடதடதட, தொக். ஆறு பேர் படியேறிப் போகையில் ஒருத்தன் நொண்டுவானே, அந்த மாதிரி. மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் எரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவனுக்குக் காது போதும்.

சத்தம் கேட்டுத் தொன் நிக்கானோரும் வந்துவிட்டார். அவர் கடை எதிர்ச்சாரியில்தான். பானெட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். அவருக்கு மாட்டின் ஈரல் எது, நுரையீரல் எது என்று தெரியும். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"தாகம்" என்றார். "ரெண்டு பாட்டிலோட நிறுத்துனது என் தப்பு. இவ்ளோ பெரிய வண்டிக்கு ரெண்டா? வெக்கமா இருக்கு, கொம்பாத்ரே."

இன்னும் மூன்று பாட்டில் ஊற்றினார்.

வியாழக்கிழமை வண்டி பழுதுபார்க்கிற மேஸ்திரி குமெர்சிந்தோவிடம் போனோம். என் மனைவியின் தம்பி. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமானாலும் அவன் எனக்கு மச்சான்தான். மேட்டுத் தெருக்களில் அவனை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அவனுக்கும் ஒரு முறை உண்டு. எந்த எஞ்சினையும் அனுமதி கேட்காமல் தொடமாட்டான். வேலை ஆரம்பிக்கும்போது கொஞ்சம் ஊற்றி அனுமதி, முடிந்ததும் கொஞ்சம் ஊற்றி நன்றி. ஊற்றியது போக மீதி அவனுக்கு. பாட்டில் வாடிக்கைக்காரன் கொண்டுவர வேண்டும். காசிமிரோ எதைக் கொண்டுபோவான்? தொன் நிக்கானோர் கொடுத்தனுப்பிய கறுப்பு பீரைத்தான்.

குமெர்சிந்தோ அனுமதி ஊற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதலாவதைப் பிடுங்கினதும் எஞ்சின் தடுமாறியது. "இவன் வேலை செய்யுறான்" என்று திரும்ப மாட்டினான். இரண்டு, மூன்று, அதுவும் அப்படியே. நாலாவதைப் பிடுங்கினான். எஞ்சின் பாட்டுக்கு அதே நொண்டல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இவந்தான் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறவன்" என்றான்.

பிளக்கை மாற்றினான். நாலாவது எழுந்திருக்கவில்லை. வயரை மாற்றினான். எழுந்திருக்கவில்லை. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். ஆறு பிளக்குக்கும் கரண்ட்டை முறை வைத்துப் பங்கு போட்டுக் கொடுக்கிற இடம் அதுதான். மூடியைப் பிடிக்கிற கொக்கியில் ஒன்று உடைந்து, வாத்தியார் காலத்திலேயே கம்பியால் கட்டியிருந்தது. உள்ளே ஈரம். நன்றாகத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, மாட்டினான். எஞ்சின் ஆறு காலிலும் ஓடியது.

"ஈரந்தான். போ, ராஜா மாதிரி ஏறும்" என்றான். நன்றிக்கு அரை பாட்டில் ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு சிலிண்டர் செத்திருந்தது. மறுபடி அனுமதி. பட்டறையில் வைத்திருந்த புது பிளக் ஆறும் போட்டான். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினான். மறுபடி துடைத்தான், மறுபடி ஓடியது, மறுபடி நன்றி.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை பார்க்கலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். குழாயடியிலிருந்து முதல் வளைவுகூடத் தாண்டவில்லை. தடதட, தொக், தொக், டமார். பின்குழாயிலிருந்து கறுப்பாக ஒரு புகை வந்தது. ரொட்டி விற்கிற அம்மாள் கூடையோடு சுவரில் ஒண்டினாள். வண்டி நின்றுவிட்டது.

காசிமிரோ நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். "நாளைக்குப் பத்து மணி, மாமா" என்றான். பதினொரு வருஷமும் அந்தக் குரலில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபெர்மின் ஜப்பான் வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"என்னண்ணே, படுத்துருச்சா? எங்கிட்டக் கயிறு இருக்கு. கட்டி இழுத்துட்டுப் போறேன், வாங்க."

'டேய் வேண்டாம்டா' என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் எங்கே பார்த்தான்?

"சரிங்க."

சங்கத்து வண்டிகள் நிற்கிற தெரு வழியாக, தொன் தியோதோசியோ காபிக் கிண்ணத்தோடு நின்று பார்க்க, பட்டியலில் முதல் பெயரைப் பட்டியலில் இரண்டாவது பெயர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. ஃபெர்மின் மெதுவாகத்தான் ஓட்டினான். எல்லாரும் பார்க்க வேண்டாமா?

குமெர்சிந்தோ பட்டறைக்கு எதிரேதான் பிளாசிதாவின் கடலைச் சட்டி. வண்டி கயிற்றில் வருவதைப் பார்த்ததும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள். குமெர்சிந்தோ எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மூன்று பேர் தூங்குகிறார்கள். பீர் பாட்டில் அனுமதிக்காகப் பக்கத்திலேயே காத்திருந்தது.

பிளாசிதா மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

"மேஸ்திரி, உள்ள பாகு காய்ச்சுறீங்களா?"

"போய்க் கடலைய வறு, தாயி. ஆம்பளைங்க வேலை செய்யுற எடத்துல வந்து நின்னுகிட்டு."

"மூணு நாளா செய்யுறீங்க, பாத்துட்டுதான இருக்கேன். சட்டி அடிப்புடிச்ச வாசனை வருது. சக்கரை கருகுது. பதினெட்டு வருசமா இந்த வாசனைக்குப் பயந்துதான் பொழைக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"எஞ்சின்ல ஏது சக்கரை?"

அவள் குனிந்து, எஞ்சின் மேல் முகத்தைக் கொண்டுபோய், நாய் மோப்பம் பிடிப்பது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாள். தொப்பி விழப்போனது, பிடித்துக்கொண்டாள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே வந்ததும் நின்றாள். கரண்டியால் காட்டினாள்.

"இங்க."

"அத ரெண்டு தடவ தொடச்சாச்சு."

"தொடச்சா பாகு போயிடுமா? எஞ்சட்டிய ஒரு நாள் தொடச்சுப் பாருங்க."

குமெர்சிந்தோ எஞ்சினை நிறுத்தி, முணுமுணுத்துக்கொண்டே மூடியைக் கழற்றினான். இந்தத் தடவை டார்ச் அடிக்கவில்லை, வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அது கறுப்பு மூடி. அதற்குள்ளே ஒரு பித்தளைக் குமிழிலிருந்து பக்கத்துக் குமிழுக்கு முடி போல ஒரு கோடு. அங்கிருந்து இன்னொரு குமிழுக்கு இன்னொரு கோடு. கறுப்பில் கறுப்பு. நகத்தால் சுரண்டினான். நகத்தில் வந்ததை நாக்கில் வைத்தான்.

"கசக்குது" என்றான். பிறகு முகம் மாறியது. "அடில இனிக்குது."

விஷயம் அவ்வளவுதான். உடைந்த கொக்கிப் பக்கமாகப் பீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரத்தைத் துடைத்தாலும் சர்க்கரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கரண்ட் ஓடி ஓடி அந்தச் சர்க்கரையைக் கருக்கி, கரியாலேயே பாதை போட்டுவிட்டது. நாலாவது வீட்டுக்குப் போக வேண்டிய கரண்ட் அந்தப் பாதை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. பிளக்கை மாற்றி என்ன, வயரை மாற்றி என்ன?

"மொத்தம் எத்தன பாட்டில் உள்ள போச்சு?" என்றாள் பிளாசிதா.

காசிமிரோ விரல் விட்டுப் பார்த்தான். "தொன் நிக்கானோர் அஞ்சு. மேஸ்திரி அனுமதியும் நன்றியுமா ஒரு ரெண்டு இருக்கும்."

குமெர்சிந்தோ தலையைத் தூக்கவில்லை. "முப்பது வருசமா அனுமதி கேட்டுத்தான் தொடுறேன்" என்றான்.

"முப்பது வருசத்துல எத்தன வண்டி மறுநாளே திரும்பி வந்துச்சு?"

அவன் யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் என் பழைய வண்டி ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இப்போது வேண்டாம், உறவுக்குள் எதற்குப் பேச்சு.

கார்னிவல் வாரம். உதிரிச் சாமான் கடை எல்லாம் திங்கள் வரைக்கும் பூட்டு. புது மூடிக்கு வழியில்லை. குமெர்சிந்தோ பேனாக்கத்தி முனையால் கரிக்கோட்டை முழுவதும் சுரண்டி எடுத்தான். சுத்தச் சாராயத்தால் கழுவினான், அது காற்றில் போய்விடும், எதையும் விட்டுவைக்காது. சுரண்டிய பள்ளத்தை அடைக்க ஏதாவது பூச வேண்டும் என்றான். பிளாசிதா பாவாடைகளுக்குள் கைவிட்டு, மூன்றாவதோ நாலாவதோ, அங்கிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். கார்னிவலுக்கு வாங்கிய நகப்பூச்சு. ரத்தச் சிவப்பு. மூடிக்குள்ளே அழகாகப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்தார்கள்.

மாட்டிக் கிளப்பினால், ஆறும் ஒன்றாக ஓடியது. எஞ்சின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தால் அலையடிக்காது, அப்படி. காசிமிரோ எஞ்சினைப் பார்த்துச் சிரித்தான். குமெர்சிந்தோவின் கை பழக்கத்தில் தானாக நன்றிப் பாட்டில் பக்கம் போனது. பிளாசிதா கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"நகப்பூச்சு ஒரு நாள் தாங்கும்" என்றான் அவன், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. "ஆனா இன்னொரு மடக்கு உள்ள போச்சுன்னா பாதி ஏத்தத்துல நின்னுரும். நாளைக்குக் கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சொட்டு படக்கூடாது. பானெட் வேற மூட மாட்டேங்குது. மேல ஊத்துனாலும் அந்த இடைவெளி வழியா நேரா இங்கதான் இறங்கும்."

மூன்று பேரும் காசிமிரோவைப் பார்த்தோம். நாளைக்குத் தொன் நிக்கானோர் வராமல் இருக்கமாட்டார். வெறுங்கையோடும் வரமாட்டார்.

"வேணாம்னு சொல்லிருவியா?" என்றாள் பிளாசிதா.

"சொல்லிருவேன்" என்றான். அவளுக்கும் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழாயடியில் கூட்டம். முப்பது வண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுக்காரிகள், ஆப்பி கஞ்சி விற்கிறவள், எல்லாரும். ஃபெர்மின் தன் வண்டியைத் துடைத்து, தயாராகப் பின்னால் நிறுத்தியிருந்தான். பாரத்துக்கு ஆறு பேர் வேண்டும். நான், குமெர்சிந்தோ, வரிசைக்காரர்கள் நாலு பேர் ஏறிக்கொண்டோம். தொன் தியோதோசியோ கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது தொன் நிக்கானோர் வந்தார். முன்னால் மேளக்காரன் ஒருத்தன், எக்காளக்காரன் ஒருத்தன். பின்னால் அவர் கடை ஆள் தோளில் கறுப்பு பீர் பெட்டி. பன்னிரண்டு பாட்டில்.

"கொம்பாத்ரே! ஞானத்தகப்பன் இல்லாம ஏறப் பாத்தீங்களா? தொறங்க பானெட்ட!"

காசிமிரோ வாயைத் திறந்தான். மூடினான். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"அது... தொன் நிக்கானோர்... இன்னைக்கு..."

"இன்னைக்கு என்ன? வேணாமா?" அவர் முகம் சுருங்கியது. கண் மெதுவாக இறங்கி, நாலு டயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. கேக் கல்யாணத்தில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பார்வை தெரியும்.

"சரிங்க" என்றான் காசிமிரோ.

கடை ஆள் முதல் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். தொன் நிக்கானோர் பானெட் பக்கம் திரும்பினார். திரும்பினால் பானெட் மேல் பிளாசிதா உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை. தகரம் டொம்மென்று ஒடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழு பாவாடையும் விரிந்து, இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரைக்கும் மூடிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க, கொமாத்ரே. ஊத்தணும்."

"ஊத்துங்க. எம்மடில ஊத்துங்க."

"மடிலயா?"

"பூமித்தாய் பொம்பளைன்னு நீங்கதான சொன்னீங்க? பொம்பளைக்குக் கொடுக்குறத பொம்பளை மடி வழியாத்தான் கொடுக்கணும். எங்கம்மா ஊர்ல ஏரிக்கரையில அப்படித்தான் வழக்கம். இங்க டவுன்ல உள்ளவங்களுக்குத் தெரியாது."

தொன் நிக்கானோர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் லா பாஸ். ஏரிப் பக்கத்து வழக்கம் தெரியாது என்று முப்பது வண்டிக்காரர்கள் முன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா?

"ஆமாமா" என்றார். "கேள்விப்பட்டிருக்கேன். பழைய வழக்கம். ரொம்ப நல்ல வழக்கம்."

ஊற்றினார். ஒரு பாட்டில். இரண்டு. மூன்று. மேளக்காரன் அடித்தான். பிளாசிதா கண்ணை மூடிக்கொண்டு சாமி வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். நாலாவது பாட்டிலை எடுக்க அவர் குனிந்த நேரம், ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாகக் காசிமிரோவைப் பார்த்தாள்.

"எடு வண்டிய!"

இதற்கும் அவன் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பான், சொல்ல நேரமில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

காசிமிரோவுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு முதல் கியரில் ஓட்டினான். அவள் ஒரு கையால் தொப்பியையும் இன்னொரு கையால் கண்ணாடி துடைப்பானையும் பிடித்துக்கொண்டு வழி சொன்னாள். "இடது! நாய் படுத்திருக்கு, ஒதுங்கு! நேரா! அய்யோ கிழங்கு மூட்டை, வலது, வலது!" பக்கத்தில் தொன் நிக்கானோர் பாட்டிலோடு நடந்து வந்தார். பின்னால் மேளம், கூட்டம், எல்லாருக்கும் பின்னால் ஃபெர்மின்.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது வளைவு வரைக்கும் எஞ்சின் சுத்தமாகப் பாடியது. அங்கேதான் ஏற்றம் சுவர் மாதிரி நிமிரும்.

தொக்.

குமெர்சிந்தோ என் முழங்காலைப் பிடித்தான். "சொட்டுது" என்றான். "பாவாடை தாங்கல. சொட்டுது."

தொக், தொக். வண்டியின் வேகம் குறைந்தது. கிழங்கு மூட்டைக்காரன் எங்களைத் தாண்டி நடந்து போனான்.

"பிளாசிதா!" என்று கத்தினான் குமெர்சிந்தோ ஜன்னல் வழியாக. "இறங்குது! உள்ள இறங்குது!"

அவள் தொப்பியை விட்டாள், துடைப்பானையும் விட்டாள். முழங்காலில் எழுந்து, நனைந்த பாவாடை மூன்றையும் ஒரே பிடியாகச் சேர்த்துத் தூக்கி, பக்கவாட்டில் நீட்டிப் பிழிந்தாள். பீர் தெருவில் ஓடையாகப் போனது. கீழே நாலு பாவாடை இருந்ததால் மானம் போகவில்லை, ஆனாலும் மேலே கோயில் வாசலில் நின்ற கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காய்ந்த பாவாடையால் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். தகரம் மறுபடி டொம்மென்றது.

ஒரு தொக். அப்புறம் ஒன்றுமில்லை. தடதடதடதடதடதட. ஆறும்.

கோயில் வாசலில் போய் நிறுத்தியபோது காசிமிரோவின் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே இழுக்க மறந்துவிட்டான். தொன் தியோதோசியோ மூச்சிரைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னாலேயே ஃபெர்மின்.

"இது செல்லாது, தலைவரே! பானெட் மேல ஆள வச்சுக்கிட்டு ஏறலாம்னு சங்க விதில எங்க இருக்கு?"

"ஆறு பேருக்குக் குறையக்கூடாதுன்னுதான் இருக்கு" என்றார் தொன் தியோதோசியோ. "இது ஏழு. அதுலயும் இந்தம்மா ரெண்டு பேருக்குச் சமம். வண்டி எங்கயாச்சும் நின்னுச்சா?"

"நிக்கல. ஆனா..."

"நிக்கலல்ல?" நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். "பதினாலு. காலிசாயா."

காசிமிரோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. அவன் அம்மா எபிஃபானியா இருந்திருந்தால் பார்த்திருப்பாள்.

தொன் நிக்கானோர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வெற்றி. "பாத்தீங்களா? ஏரிக்கரை வழக்கம்! இப்ப இறங்குங்க, கொமாத்ரே. எஞ்சினுக்கு நன்றி சொல்லணும்."

பின்னால் குமெர்சிந்தோவும் தன்னை அறியாமல் தலையாட்டினான்.

"எத்தன பாட்டில் மிச்சம்?" என்றாள் பிளாசிதா.

"ஒம்பது."

"அப்ப நான் இறங்கல."

"ஏன்?"

"தீந்ததும் இறங்குறேன். எல்லாரும் உக்காந்து குடிங்க."

இறங்கவே இல்லை. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், மேளக்காரன் தனியாக ஒரு பாட்டு வாசித்துப் பார்த்தான். கடைசியில் கோயில் படியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது பாட்டில், நாற்பது பேர், ஒரே ஒரு கண்ணாடிக் கிளாஸ் கைமாறி வந்தது. ஃபெர்மினும் ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே. காசிமிரோ யார் நீட்டினாலும் வாங்கிக் குடித்தான், அவன் பங்கு மட்டும் ஒன்றரை பாட்டில் இருக்கும். பிளாசிதாவுக்குச் சாப்பாட்டைப் பானெட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பன்றிக்கறியும் வேகவைத்த சோளமும். அங்கேயே சப்பணம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசிப் பாட்டிலில் கடைசிக் கிளாஸ் மிச்சம் இருந்தது. கடைசிச் சொட்டு பூமித்தாய்க்குத்தான், அதில் யாருக்கும் இரண்டு பேச்சு கிடையாது. தொன் நிக்கானோர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் ஆடினார். வண்டியைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார், பிளாசிதாவைப் பார்த்தார்.

"இத எங்க ஊத்துறது?" என்று கேட்டார், பாவமாக.

"தரையில ஊத்துங்க" என்றாள் பிளாசிதா. "பூமி அங்கதான இருக்கு. எதுக்கு எஞ்சின் வழியா சுத்திப் போறீங்க?"

அவர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கிளாஸைச் சாய்த்துக் கல் இடுக்கு மண்ணில் ஊற்றினார். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

பிளாசிதா பாவாடைகளைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பானெட்டிலிருந்து இறங்கினாள். காசிமிரோ பின்சீட்டில் தூங்கிவிட்டிருந்தான், அதனால் பதினாலாம் நம்பரை முதல் தடவை கீழே ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான்.